மிடில் ஸ்கூலுக்கு இயர்-ரவுண்ட் கேலண்டர் சரிவருமா? மூன்று வகைகளின் ஒப்பீடு

வட கரோலினாவில் கேரி, அபெக்ஸ், மோரிஸ்வில் பக்கம் வீடு பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள், பள்ளியின் பெயருக்குப் பக்கத்தில் 'இயர்-ரவுண்ட்' என்ற சொல்லைக் கண்டதும் தயங்குகிறார்கள். பிள்ளை 5ஆம் வகுப்பை முடித்து மிடில் ஸ்கூலுக்குப் போகிற நேரம் என்றால் தயக்கம் இன்னும் கூடும். கோடை விடுமுறையே கிடையாதா, கணக்கு மறக்காமல் இருக்குமாமே, ஊருக்கு எப்போது போவது: இந்த மூன்று கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

இயர்-ரவுண்ட் என்பதால் பள்ளி நாட்கள் கூடிவிடுவதில்லை. சனி, ஞாயிறு போக ஆண்டுக்கு 260 நாட்கள். வகுப்பு நடப்பது ஏறக்குறைய 180 நாட்கள். மீதி 80 நாட்கள் எந்தக் கேலண்டரிலும் விடுமுறைதான். வழக்கமான பள்ளி அதில் சுமார் 55 நாட்களைக் கோடையில் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறது. இயர்-ரவுண்ட் பள்ளி அதையே ஆண்டு முழுக்கப் பிரித்துக் கொடுக்கிறது. பரவலான முறை 45-15: 45 நாட்கள் வகுப்பு, 15 நாட்கள் இடைவேளை, இப்படி நான்கு சுற்று. 60-20, 90-30 முறைகளும் உண்டு, கணக்கு அதேதான்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது பலரும் அதைக் கேட்காமலே வந்துவிடுகிறார்கள். இயர்-ரவுண்டில் ஒற்றை டிராக், பல டிராக் என்று இரண்டு வகை. ஒற்றை டிராக்கில் மொத்தப் பள்ளியும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடும். பல டிராக்கில் மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரிப்பார்கள். எந்த நேரத்திலும் மூன்று குழுக்கள் உள்ளே, ஒன்று வெளியே. அந்த வெளியே இருக்கும் மூன்று வாரத்தைத்தான் 'டிராக் அவுட்' என்கிறார்கள். 1,000 பேருக்குக் கட்டிய கட்டடத்தில் இப்படிச் சுமார் 1,330 பேரைச் சேர்க்கலாம். இல்லினாயில் வேலி வியூ கல்வி மாவட்டம் 1970இல் 45-15ஐக் கொண்டுவந்தது இட நெருக்கடியால்தான். கேரி, அபெக்ஸ், மோரிஸ்வில் அடங்கும் வேக் கவுண்டி 2007இல் 22 பள்ளிகளைக் கட்டாய இயர்-ரவுண்டாக மாற்றியதும் அதற்காகத்தான். பல டிராக் முறை கட்டடத்தைக் காப்பாற்றப் பிறந்த ஏற்பாடு. பிள்ளைகளின் படிப்புக்காக யோசித்துச் செய்ததாக எண்ணி முடிவெடுக்க வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

மதிப்பெண்ணை முதலில் ஒதுக்கிவிடலாம். அதுதான் எல்லோரும் முதலில் கேட்பது, ஆனால் முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்கு அதில் எடை இல்லை.

கோடை மறதி உண்மைதான். ஹாரிஸ் கூப்பர் என்ற கல்வி ஆய்வாளர் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கோடை முடிந்து வரும் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் பாடம் பின்தங்கியிருந்தார்கள். வாசிப்பைவிடக் கணக்கில் சரிவு அதிகம். இயர்-ரவுண்டில் இது சரியாகிவிடும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் கூப்பரும் உடனாய்வாளர்களும் 2003இல் மாற்றுக் கேலண்டர்களைத் தொகுத்தபோது கிடைத்த பலன் மிகச் சிறியது. அதுவும் வசதி குறைந்த பிள்ளைகளிடம்தான் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. வேக் கவுண்டியின் அந்த 2007 மாற்றத்தையே எடுத்து ஸ்டீவன் மெக்மல்லன், கேத்ரின் ரூஸ் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி மாணவரின் தேர்ச்சியில் மாற்றமே தென்படவில்லை. கலிஃபோர்னியாவின் பல டிராக் பள்ளிகளை ஆராய்ந்த ஜெனிஃபர் கிரேவ்ஸ், தேர்ச்சி சற்றுக் குறைவதையே கண்டார்.

காரணம் எளிது. பெரிய மறதி ஒன்று போய்ச் சின்ன மறதிகள் நான்கு வருகின்றன. விகிதமும் சமன்பாடும் பாதியில் நிற்க, மூன்று வாரம் கழித்து வரும் 7ஆம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் ஓரிரு நாட்கள் பழையதைப் புரட்டவே போய்விடும். வகுப்பு நாட்களின் எண்ணிக்கை மாறாதபோது கேலண்டர் தனியாக எதையும் கற்றுக்கொடுத்துவிடாது.

ஆகவே எடைபோட வேண்டியவை வேறு. முக்கியத்துவ வரிசையில்:

1. வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளின் கேலண்டர், மூன்று ஆண்டு கழித்து வரப்போகும் ஹைஸ்கூலின் கேலண்டர்.
2. விடுமுறை நாட்களில் 11 முதல் 13 வயதுப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது.
3. கணக்கின் நிலை, பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, மொழி வகுப்புகள் கிடைக்குமா.
4. போட்டிகள், விளையாட்டு, வார இறுதித் தமிழ்ப் பள்ளி.
5. ஊர்ப் பயணம்.

## வழக்கமான கேலண்டர்

வட கரோலினா சட்டப்படி இந்தப் பள்ளிகள் ஆகஸ்ட் 26ஐ ஒட்டிய திங்கட்கிழமைக்கு முன் தொடங்கக்கூடாது, ஜூன் 11ஐ ஒட்டிய வெள்ளிக்கிழமைக்குப் பின் நீளக்கூடாது. கோடை 11 வாரம். இயர்-ரவுண்ட் பள்ளிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால்தான் அவை ஜூலைத் தொடக்கத்திலேயே திறந்துவிடுகின்றன.

இதன் பெரிய பலம், வெளியுலகம் முழுக்க இந்தக் கேலண்டரில்தான் ஓடுகிறது என்பது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சி.டி.ஒய் (படிப்பில் முன்னிற்கும் பிள்ளைகளுக்கானது) போன்ற மூன்று வாரக் கோடை முகாம்கள் ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் நடப்பவை. நீச்சல் குழுக்கள், கணக்கு முகாம்கள், நாடகப் பயிற்சி எல்லாமே அப்படித்தான். ஹைஸ்கூல் பிள்ளை வீட்டில் இருந்தால் இருவருக்கும் ஒன்றாக விடுமுறை. வேக் கவுண்டியின் வழக்கமான பெரிய ஹைஸ்கூல்கள் நான்கு டிராக் முறையில் ஓடுவதில்லை, இதை மறந்துவிட வேண்டாம்.

மறைமுகச் செலவு கோடையில்தான் இருக்கிறது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் 11 வாரத்துக்குக் கேம்ப் தேட வேண்டும். மிடில் ஸ்கூல் வயதில் இது தனிச் சிக்கல்: நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் முகாம்களில் பல, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து அமைந்தவை. 13 வயதுப் பையனை அங்கே விட்டால் சலித்துப்போவான். உதவியாளராகச் சேரவோ, வேலை பார்க்கவோ வயது போதாது. கடைசியில் லேப்டாப்பும் போனும்தான் துணை. விமானக் கட்டணமும் ஜூன், ஜூலையில் உச்சத்தில் இருக்கும். நான்கு பேர் சென்னைக்குப் போய்வரும் குடும்பத்துக்கு இந்த ஒரு வித்தியாசமே பட்ஜெட்டை அசைத்துவிடும்.

எப்போது இது நல்லது: ஹைஸ்கூலில் மூத்த பிள்ளை இருக்கும் வீடு, 6 வாரம் அல்லது 8 வாரம் ஊரில் தாத்தா பாட்டியோடு பிள்ளையை விட்டுவைக்க விரும்பும் வீடு, வேலை மாற்றத்தில் இரண்டு ஆண்டுக்குள் வேறு மாநிலம் போகக்கூடிய வீடு.

## ஒற்றை டிராக் இயர்-ரவுண்ட்

மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். கிடைத்தால் மறு யோசனை வேண்டாம் என்று பல வீடுகளுக்குச் சொல்லலாம். ஆனால் எல்லா இடத்திலும் கிடைக்காது.

பள்ளி முழுக்க ஒரே நேரத்தில் விடுமுறை என்பதால் நண்பர்கள் பிரிவதில்லை, பேண்டில் எல்லோரும் இருப்பார்கள், ஆசிரியர் கூட்டமும் ஆண்டு விழாவும் சிக்கலில்லாமல் நடக்கும். இடைவேளையில் கட்டடம் காலியாக இருப்பதால், பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஒரு வாரக் கணக்கு வகுப்பையோ, அறிவியல் பட்டறையையோ அதே பள்ளியில் நடத்த முடியும். இதுதான் இயர்-ரவுண்டின் உண்மையான கல்விப் பலன். பள்ளி அப்படி நடத்துகிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நடத்தாவிட்டால் அந்த 15 நாட்கள் வெறும் விடுமுறைதான்.

குறை: கோடை ஐந்து வாரம் அளவுக்குச் சுருங்கும், கோடை முகாம் தேதிகள் ஒத்துவருவது அதிர்ஷ்டம். அலுவலகத்தில் லீவும் ஆண்டுக்கு ஒரு முறை என்பது போய் நான்கு முறை கேட்க வேண்டிவரும்.

## பல டிராக் இயர்-ரவுண்ட்

அதிகக் குழப்பமும் அதிக வருத்தமும் இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எந்த டிராக் என்பதுதான் கேலண்டர். ஒரே பள்ளியின் நான்கு டிராக்குகள் நான்கு வேறு பள்ளிகளைப் போல நடக்கும். ஒன்றின் இடைவேளை ஜூலையை ஒட்டி விழும், கோடை விடுமுறை மாதிரியே இருக்கும், அதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். இன்னொன்று ஜூலை முழுக்க வகுப்பில் இருந்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிய பிறகு வெளியே வரும். விண்ணப்பத்தில் விருப்ப வரிசை கேட்பார்கள், ஆனால் கேட்டது கிடைக்கும் என்று உறுதி இல்லை. ஒரு டிராக் மட்டும்தான் நமக்கு ஒத்துவரும் என்றால், அது கிடைக்காத நிலையில் என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

கணக்கும் எலெக்டிவும் (விருப்பப் பாடங்கள்). 8ஆம் வகுப்பிலேயே ஹைஸ்கூல் நிலைக் கணக்கான 'மேத் 1' எடுக்கத் தகுதியுள்ள பிள்ளைகள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பள்ளியில் 25 பேர் வீதம் நான்கு வகுப்புகள், கால அட்டவணையில் எங்கு வேண்டுமானாலும் பொருத்தலாம். நான்கு டிராக்கில் டிராக்குக்கு ஒரே வகுப்பு. தகுதியானவர்கள் 40 பேர்தான் என்றால் டிராக்குக்கு 10 பேர். அதற்கு ஓர் ஆசிரியரைப் போட முடியாது, ஆகவே ஒன்றிரண்டு டிராக்கில் மட்டும் வைப்பார்கள். ஆர்கெஸ்ட்ரா, ஸ்பானிஷ் போன்றவைக்கும் இதே கதி நேரலாம். நான்கு டிராக்கையும் சேர்த்து ஒரே பேண்ட் நடத்தினால், எந்த நாளிலும் கால்வாசிப் பேர் இல்லாமல்தான் பயிற்சி நடக்கும். கச்சேரிக்கு முந்தைய மூன்று வாரம் உங்கள் பிள்ளையின் டிராக் வெளியே இருந்தால், ஒத்திகைக்கு நீங்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும்.

பேருந்து. இடைவேளையில் இருக்கும் பிள்ளை விளையாட்டுக் குழுவிலோ கணக்குக் கழகத்திலோ தொடரலாம். ஆனால் வீட்டு வாசலுக்குப் பேருந்து வராது. ஏ.எம்.சி 8 கணக்குத் தேர்வு ஜனவரியில், மேத்கவுண்ட்ஸ் வட்டாரக் கணக்குப் போட்டி பிப்ரவரியில். இரண்டும் மிடில் ஸ்கூல் வயதுக்கானவை. அந்த மாதங்களில் டிராக் அவுட் வந்தால், அன்று காலையில் யார் கார் எடுப்பார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நண்பர்கள். ஆரம்பப் பள்ளி வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த டிராக் என்பது பெரிய விஷயமாகாது. 12 வயதில் நட்புதான் உலகம். ஒரே தெருவில் இருந்தும் டிராக் வேறானால், விடுமுறை சேர்ந்து வருவது டிசம்பரிலும் சில தனி நாட்களிலும் மட்டுமே. 6ஆம் வகுப்பில் புதுப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது அதே டிராக்கில் இருக்கும்படி, ஆரம்பப் பள்ளி நண்பர்களின் பெற்றோருடன் பேசி ஒரே டிராக்கைக் கேட்பது பலன் தரும்.

பெற்றோரின் வேலை. கிரேவ்ஸின் இன்னொரு கலிஃபோர்னிய ஆய்வில், பல டிராக் பள்ளிகள் பரவிய இடங்களில் தாய்மார் வேலைக்குப் போவது குறைந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல: சிதறிக் கிடக்கும் இடைவேளைகளைக் கோடை ஏற்பாடு போல ஒரே மூச்சில் முடிக்க முடியாது. 45-15இல் 60 நாட்கள், அதாவது 12 வாரம், நான்கு தவணையாகப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. கேரி போன்ற நகராட்சிகள் டிராக் அவுட் கேம்ப் நடத்துகின்றன என்பது வேக் பகுதியின் வசதி. பதிவு திறக்கும் நாளையும், எந்த வகுப்பு வரை சேர்க்கிறார்கள் என்பதையும் மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறைகளையெல்லாம் மீறி, பல டிராக் அருமையாகப் பொருந்தும் வீடுகள் உண்டு. தாத்தா பாட்டி ஆறு மாதம் வந்து தங்கும் வீடு, பெற்றோரில் ஒருவர் வீட்டிலிருந்தே வேலை செய்யும் வீடு, ஆரம்பப் பள்ளியில் இருக்கும் தம்பி தங்கைக்கும் அதே டிராக் கிடைத்த வீடு. நீண்ட கோடையில் ஒழுங்கு குலைந்து, ஆகஸ்டில் மறுபடி தூக்கநேரத்துக்குப் பழக்கவே திணறும் பிள்ளைகளுக்கும் ஒன்பது வாரம் ஓடி மூன்று வாரம் ஓய்வது நன்றாக ஒத்துப்போகிறது. நவம்பரிலேயே துவண்டுபோகும் பிள்ளைக்கு அது நிஜமான மூச்சு.

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் இருந்தவர்கள் இயர்-ரவுண்ட் என்றாலே பயப்படுவதற்குக் காரணம் உண்டு. அங்கே நடந்தது 'கான்செப்ட் 6' என்ற வகை: மூன்று டிராக், ஆண்டுக்கு 163 நாட்கள் மட்டுமே வகுப்பு, குறைந்த நாட்களை ஈடுகட்ட ஒவ்வொரு நாளும் கூடுதல் நேரம். கலிஃபோர்னியப் பள்ளிகளின் வசதிக் குறைவை எதிர்த்துத் தொடுத்த வில்லியம்ஸ் வழக்கின் 2004 சமரசத்தில் அதை 2012க்குள் ஒழிப்பதென முடிவானது. வட கரோலினாவின் 45-15 அதுவல்ல.

## ஒரே பார்வையில்

| | வழக்கமானது | ஒற்றை டிராக் | பல டிராக் |
|---|---|---|---|
| நீண்ட விடுமுறை | சுமார் 11 வாரம் | 5 வாரம் அளவு | பொதுவாக 3 வாரம், டிராக்கைப் பொறுத்துக் கூடலாம் |
| ஹைஸ்கூல் பிள்ளையோடு பொருத்தம் | நன்று | ஓரளவு | பெரும்பாலும் இல்லை |
| மேல்நிலைக் கணக்கு, எலெக்டிவ் | தடையில்லை | தடையில்லை | டிராக்கைப் பொறுத்தது |
| கோடை முகாம்கள் | எல்லாம் | சில | டிராக்கைப் பொறுத்தது |
| பிள்ளையைக் கவனிக்க ஏற்பாடு | ஒரு முறை, நீளமாக | நான்கு முறை | நான்கு முறை, அக்கம்பக்கத்தோடு ஒத்துவராமல் |
| சீசன் இல்லாத நேரப் பயணம் | கடினம் | எளிது | எளிது |

## ஊர்ப் பயணக் கணக்கு

15 பள்ளி நாட்கள் என்றால் முன்னும் பின்னும் வார இறுதிகளைச் சேர்த்து 23 நாட்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து சென்னைக்குப் போகவர மூன்று நாட்கள் கழியும். கையில் மிஞ்சுவது 20. மதுரையும் கோவையும் திருநெல்வேலியும் என்று இரு பக்க உறவுகளையும் பார்க்க அது இறுக்கம்தான், ஆனால் முடியும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ இடைவேளை விழும் டிராக்குக்கு நவராத்திரிக் கொலு கிடைக்கும். பிப்ரவரியில் விழுந்தால் வெயில் ஏறும் முன் கோயில் குளம் போய்வரலாம். டிசம்பர் விடுமுறையை ஒட்டி டிராக் அவுட் வந்தால் சேர்த்து ஐந்து வாரம், பொங்கல் வரைகூட இருக்கலாம். எது எப்போது விழும் என்பது ஆண்டுக்கு ஆண்டு நகரும். மாவட்டம் வெளியிடும் அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். புயல், பனியால் பள்ளி மூடினால் ஈடுகட்ட இயர்-ரவுண்ட் கேலண்டரில் காலி நாட்கள் குறைவு. சனிக்கிழமைகூடப் பள்ளி நாளாகிவிடலாம்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் வழக்கமான கேலண்டரைத்தான் ஒட்டி நடக்கின்றன. அக்டோபரில் ஊருக்குப் போனால் தமிழ் வகுப்பு மூன்று வாரம் போகும். ஆசிரியரிடம் முன்கூட்டியே பாடத்தை வாங்கிக்கொண்டால், பாட்டியோடு உட்கார்ந்து முடிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

## மாறும் ஆண்டில் வரும் இடர்

வழக்கமான ஆரம்பப் பள்ளியிலிருந்து இயர்-ரவுண்ட் மிடில் ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைக்கு அந்தக் கோடை மூன்று, நான்கு வாரமாகச் சுருங்கும்: ஜூன் நடுவில் ஒரு பள்ளி முடியும், ஜூலைத் தொடக்கத்தில் அடுத்தது திறக்கும். முந்தைய டிசம்பரிலேயே கோடை டிக்கெட் வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்குதான் மாட்டிக்கொள்கிறார்கள். 8ஆம் வகுப்பு முடிந்து ஹைஸ்கூலுக்குப் போகும்போது இதற்கு நேர்மாறு, ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் கடைசி வரை ஓய்வு. நீண்ட பயணத்தை அந்தக் கோடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேலை மாற்றத்தால் டெக்சஸிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ ஆகஸ்ட் கடைசியில் வந்து சேர்கிறவர்கள் கவனிக்க: இயர்-ரவுண்ட் பள்ளியில் அதற்குள் ஏழு வாரப் பாடம் ஓடியிருக்கும். நடு ஆண்டில் வந்தால், இடம் இருக்கும் டிராக் அப்போது வெளியே இருக்க, பிள்ளை இரண்டு மூன்று வாரம் வீட்டில் காத்திருக்கவும் நேரலாம். இப்படி வருகிறவர்களுக்கு வழக்கமான பள்ளியே சுலபம்.

## விண்ணப்பிக்கும் முன்

உங்கள் முகவரிக்குரிய பள்ளி இயர்-ரவுண்டாக இருந்தால், பெற்றோரின் சம்மதம் இல்லாமலே பிள்ளையை அங்கே ஒதுக்கும் அதிகாரம் பள்ளி வாரியத்துக்கு உண்டு. 2007 மாற்றத்தை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த வழக்கில் வட கரோலினா உச்ச நீதிமன்றம் 2009இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. வேறு கேலண்டர் வேண்டுமென்றால் மாற்றுப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கான காலக்கெடு பள்ளி திறப்பதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். வீடு வாங்குவதற்கு முன் மாவட்ட இணையதளத்தில் அந்த முகவரியை இட்டுப் பாருங்கள். விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

பள்ளிக்கு நேரில் போகும்போது கேட்க வேண்டியவை: ஒற்றை டிராக்கா, பல டிராக்கா? 'மேத் 1' எந்தெந்த டிராக்கில் உண்டு? பேண்ட், ஆர்கெஸ்ட்ரா பயிற்சி டிராக் அவுட் காலத்தில் எப்படி? ஆரம்பப் பள்ளியில் இருக்கும் தம்பி தங்கைக்கும் அதே டிராக் கிடைக்குமா? மாற்றுப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் பேருந்து வருமா, வந்தால் எங்கே நிற்கும்? டிராக் கேட்டது கிடைக்காவிட்டால் காத்திருப்போர் பட்டியல் உண்டா, அது எந்த மாதம் வரை நகரும்? ஒவ்வொன்றுக்கும் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கால அட்டவணை போடும் ஜூன் மாதத்தில் அந்த மின்னஞ்சல்தான் கைகொடுக்கும்.